ஊமைக்காயம்: மார்பில் விழும் அடியும் பெருந்தமனியின் கிழிசலும்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் என்-3 நெடுஞ்சாலையில், மேரியன்ஹில் சுங்கச்சாவடிக்கு முன்னுள்ள நீண்ட சரிவில், நின்றுபோன லாரி ஒன்றின் பின்புறத்தில் ஒரு பக்கி, அதாவது பிக்-அப் வண்டி, போய் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டி வந்தவர் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த நாற்பது வயதுக்காரர். சீட் பெல்ட் போட்டிருந்தார். ஆம்புலன்ஸ் வரும்போது நினைவோடு இருக்கிறார். பெயரையும் வீட்டு விலாசத்தையும் தெளிவாகச் சொல்கிறார். தொடை எலும்பு முறிந்த வலியைத் தவிர வேறெதையும் முறையிடவில்லை. வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை பெல்ட் அழுந்திய சிவந்த தடம் ஒன்று மார்பின் குறுக்கே ஓடுகிறது. தோல் கிழியவில்லை, இரத்தம் கசியவில்லை. இப்படிப்பட்டதைத்தான் நம் பெரியவர்கள் ஊமைக்காயம் என்பார்கள். கத்திக்குத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் கையாண்டு கையாண்டு தென்னாப்பிரிக்க அறுவை மருத்துவர்கள் உலகப் பெயர் பெற்றவர்கள். அந்தக் காயங்களில் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தோலிலுள்ள ஓட்டையே காட்டிவிடும். ஊமைக்காயத்தில் அந்த உதவி கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பேர் சாலையில் உயிரிழக்கும் இந்த நாட்டில், அப்படி இறப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மார்புக்குள் என்ன நேர்கிறது என்பதையும், பிழைத்து வருபவர்களை மருத்துவம் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, அதாவது அயோர்ட்டா, முதலில் மேலே ஏறி, கைத்தடியின் கொக்கி போல வளைந்து, பின்பு முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. வளைவின் உச்சியிலிருந்து தலைக்கும் இரு கைகளுக்கும் மூன்று பெரிய கிளைகள் பிரிகின்றன. அவற்றுள் கடைசிக் கிளை இடக்கைக்குச் செல்வது. இதயமும் வளைவும் ஓரளவு ஊசலாடக்கூடியவை. இறங்கும் பகுதியோ விலா எலும்புகளுக்கு இடையே செல்லும் கிளைத் தமனிகளாலும் நுரையீரல் உறையாலும் முதுகோடு தைத்து வைத்ததுபோல நிற்பது. ஊசலாடும் பகுதியும் நிலைத்த பகுதியும் சந்திக்கும் இடம் இடக்கைத் தமனி பிரிந்த உடனேயே வருகிறது. கருவில் இருந்தபோது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்த குழாய் பிறந்தபின் தூர்ந்துபோய் ஒரு நாணாக எஞ்சி, சரியாக இந்த இடத்தில்தான் பெருந்தமனியைப் பற்றி இழுத்து நிற்கிறது. வண்டி நின்று, உடல் நின்று, மார்புக்கூடும் நின்ற பிறகும் இரத்தம் நிறைந்த இதயமும் வளைவும் ஒரு கணம் முன்னோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றன. அந்த இழுவை இந்தச் சந்திப்பில் முறுக்காகவும் வெட்டாகவும் இறங்குகிறது. மருத்துவமனைக்கு உயிரோடு வருபவர்களிடம் காணப்படும் கிழிசல்களில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன. இழுவை மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. நெஞ்செலும்பும் காறையெலும்பும் பின்னோக்கி அழுந்திப் பெருந்தமனியை முதுகெலும்போடு சேர்த்து நசுக்குவதும், வயிறு அழுந்தும்போது தமனிக்குள் அழுத்தம் திடீரென்று ஏறுவதும் உடன் சேர்கின்றன. பக்கவாட்டு மோதலிலும், உயரத்திலிருந்து விழுவதிலும், சாலையைக் கடக்கும்போது அடிபடுவதிலும் இதே கிழிசல் நேர்வதற்கு இந்தக் கலவையே காரணம்.

பெருந்தமனியின் சுவர் மூன்று உறைகளால் ஆனது. கிழிசல் உள்ளிருந்து வெளியே வளர்கிறது: முதலில் மெல்லிய உள்ளுறை, பின்பு மீள்தன்மையுள்ள நடுவுறை. மூன்றும் கிழிந்தவர் பெரும்பாலும் சாலையிலேயே இறந்துவிடுகிறார். நம் பக்கி ஓட்டுநர் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், அவருடைய வெளியுறையும் அதைச் சூழ்ந்த திசுக்களும் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இனி வரும் மருத்துவம் முழுவதும் இந்த ஒரு படலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டவரின் பெருந்தமனி சிதைந்திருந்ததை உடற்கூற்றியலின் தந்தை எனப்படும் வெசாலியஸ் 1557-இலேயே குறித்திருக்கிறார். ஆனால் இக்காயத்தைப் பற்றிய கணக்கு 1958-இல் அமெரிக்க மருத்துவர் பார்ம்லியும் அவருடைய உடன் பணியாளர்களும் வெளியிட்ட பிணப் பரிசோதனைத் தொகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் ஏறத்தாழ ஏழில் ஆறு பேர் காயம்பட்ட உடனேயே இறந்திருந்தார்கள். எஞ்சிய சிறு தொகையினரில் சுமார் பாதிப்பேர் முதல் 24 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். இந்த இரண்டாவது எண் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அறுவை மருத்துவர்களை விரட்டியது: கண்டவுடன் மார்பைத் திற, விடிவதற்குள் தைத்துவிடு என்பதே விதியாயிற்று. அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. பிணப் பரிசோதனை மேசைக்கு வந்தவர்களை மட்டுமே அது எண்ணியது. கிழிசலோடு உயிர் தப்பி வீடு திரும்பியவர்கள் அதில் இடம்பெற வழியே இல்லை. அந்த 24 மணி நேரத்தை எல்லோருக்கும் பொதுவான கெடுவாக எடுத்துக்கொண்டதுதான் இத்துறையின் நீண்டகாலத் தவறு என்பது என் கருத்து.

கண்டறிதலுக்கு வருவோம். உடல் தரும் அடையாளங்கள் குறைவு, நம்பத்தக்கவையும் அல்ல. தோள்பட்டைகளுக்கு இடையே முதுகில் வலி, குரல் கம்முதல், கைகளில் இரத்த அழுத்தம் கூடியும் தொடையில் நாடி மெலிந்தும் இருத்தல் ஆகியவை இருந்தால் ஐயம் வலுக்கும். பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே மோதலின் தன்மையையே முதல் அறிகுறியாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்டீயரிங் வளைந்திருந்ததா, உடன் வந்தவர் இறந்துவிட்டாரா, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டாரா என்று ஆம்புலன்ஸ்காரரிடம் கேட்கும் இரண்டு நிமிடம், அதன்பின் செய்யும் பல சோதனைகளைவிடப் பயன் தரும்.

அடுத்தது மார்பு எக்ஸ்ரே. மல்லாந்து கிடப்பவரின் படத்தில் இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட நிழல் 8 சென்டிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் எச்சரிக்கை. அகலத்தைவிட நான் மதிப்பது ஓரத்தின் தெளிவைத்தான். பெருந்தமனி வளைவு, படத்தில் இடப்பக்கம் ஒரு குமிழாகப் பென்சிலால் வரைந்ததுபோலத் தெரிய வேண்டும். கசிந்த இரத்தம் சூழ்ந்தால் அந்தக் கோடு நனைந்த தாளில் மை பரவியதுபோல மங்கிப்போகும். மூக்கு வழியாக இரைப்பைக்குச் செலுத்திய குழாய் உணவுக்குழாயோடு சேர்ந்து வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். இடது நுரையீரலின் உச்சியில் தொப்பி வைத்ததுபோல ஒரு நிழல் படியும். ஆனாலும் உறுதியான கிழிசல் உள்ள சிலரின் எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாகவே இருக்கும். நல்ல எக்ஸ்ரே ஒன்றைப் பார்த்துவிட்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவுக்கே உரிய ஒரு கருவியைச் சொல்லாமல் நகர மனமில்லை. வைரச் சுரங்கத் தொழிலாளர்கள் கல்லை உடம்பில் மறைத்து வெளியே கொண்டுபோகிறார்களா என்று பார்க்க டி பீர்ஸ் நிறுவனம் குறைந்த கதிரியக்கத்தில் முழு உடலையும் படமெடுக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கியது. திருட்டைப் பிடிக்கப் பிறந்த அந்தக் கருவி பின்னர் லோடாக்ஸ் என்ற பெயரில் கேப்டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கு வந்தது. தலை முதல் கால் வரை ஏறத்தாழ 13 வினாடியில் எடுத்துவிடுவதால், மார்பின் நிழலும் உடைந்த இடுப்பும் முறிந்த தொடையும் ஒரே படத்தில் கிடைக்கின்றன. எனினும் அதுவும் எக்ஸ்ரேதான். மேற்சொன்ன குறைகள் அதற்கும் உண்டு.

முடிவு சொல்வது சி.டி. ஸ்கேன். கைச் சிரையில் நிறமருந்தைச் செலுத்தி, அது தமனிகளை நிறைக்கும் கணத்தில் மெல்லிய அடுக்குகளாகப் படமெடுத்தால், உள்ளுறையின் கிழிந்த மடல், சுவருக்குள் தேங்கிய இரத்தம், உள்ளுறைகள் கிழிந்த இடத்தில் வெளியுறை மட்டும் தாங்க வெளியே புடைத்த பொய்ப்பை எல்லாம் தெரிந்துவிடும். ஒரு தலைமுறைக்கு முன்பு தொடைத் தமனி வழியே கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயை ஏற்றி நிறமருந்து பாய்ச்சும் ஆஞ்சியோகிராமே உறுதிச் சோதனையாக இருந்தது. இன்று அதற்காக மட்டும் யாரும் அதைச் செய்வதில்லை. ஸ்கேனிலும் இரண்டு பொறிகள் உண்டு. கருவில் இருந்த குழாயின் அடிப்பகுதி சிலருக்குப் பிறவியிலேயே வழுவழுப்பான மேடாகப் புடைத்திருக்கும். அதைப் பொய்ப்பை என்று எண்ணி நலமான தமனிக்குச் சிகிச்சை செய்துவிடலாம். இதயத் துடிப்பின் அசைவு தமனி வேரில் இரட்டைக் கோடுகளை உண்டாக்கிக் கிழிசல்போலக் காட்டலாம். சுற்றிலும் இரத்தம் கட்டியிருக்கிறதா, விளிம்பு வழுவழுப்பா கரடுமுரடா என்பதே பிரித்தறியும் வழி. ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக முடியாத நோயாளிக்கு உணவுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை இறக்கிப் பார்க்கலாம்.

கண்ட காயத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். உள்ளுறை மட்டும் கிழிந்தது முதல் நிலை. சுவருக்குள் இரத்தம் தேங்கியது இரண்டாவது. பொய்ப்பை புடைத்தது மூன்றாவது. சுவர் முற்றாகப் பிளந்தது நான்காவது. முதல் நிலைக் காயங்கள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுவதால் மருந்தும் மறு ஸ்கேனும் போதும். நான்காவதற்கு ஒரு நிமிடமும் காத்திருக்க முடியாது. இடையிலுள்ளவற்றில், குறிப்பாக மூன்றாம் நிலையில்தான் மருத்துவரின் தீர்மானம் சோதனைக்குள்ளாகிறது.

அந்தத் தீர்மானத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று. நம் நோயாளியின் இரத்த அழுத்தம் 80-க்கு இறங்கிவிட்டது, ஸ்கேனில் பொய்ப்பையும் இருக்கிறது. உடனே பெருந்தமனிதான் கசிகிறது என்று முடிவு கட்டத் தோன்றும். பெரும்பாலும் அது தவறு. பெருந்தமனி உண்மையிலேயே உடைந்தால் பேச்சுக்கே இடமின்றி உயிர் போய்விடும். மெல்ல மெல்ல அழுத்தம் இறங்குகிறது என்றால் மண்ணீரலோ கல்லீரலோ இடுப்பெலும்போ கசிகிறது என்று தேட வேண்டும். வயிற்றுக் கசிவை முதலில் அடைத்துவிட்டுப் பெருந்தமனிக்குத் திரும்புவதே முறையான வரிசை.

கசிவு எல்லாம் நின்றபின் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரானது: அழுத்தத்தைக் குறைத்து வைத்தல். ஒவ்வொரு துடிப்பும் அந்த வெளியுறையை ஒருமுறை அடிக்கிறது. எஸ்மோலால், லாபெட்டலால் போன்ற மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, நாடித்துடிப்பை 100-க்குள்ளும் மேல் இரத்த அழுத்தத்தை 100 முதல் 120-க்குள்ளும் நிறுத்தினால், அடியின் எண்ணிக்கையும் வேகமும் குறைகின்றன. வலியைத் தணிப்பதும் இதில் சேரும். முறிந்த தொடை வலித்துக்கொண்டிருக்கும்வரை எந்த மருந்தும் அழுத்தத்தை முழுதாக அடக்காது. இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. தலையில் பலத்த அடிபட்டவரின் வீங்கிய மூளைக்குப் போதிய இரத்தம் போக அழுத்தம் உயர்ந்தே இருக்க வேண்டும். அதே ஆளின் பெருந்தமனிக்கு அது தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் எண் எதுவும் இல்லை. அத்தகையவருக்குத் தமனியை விரைந்து சரிசெய்துவிட்டுப் பின்பு அழுத்தத்தை உயரவிடுவதே பெரும்பாலும் தெரிவாகிறது.

டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இந்த மருந்துக்கு இன்னொரு மதிப்பு உண்டு. நியூகாசிலில் அடிபட்டவர் டர்பனிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு வர 300 கிலோமீட்டருக்கும் மேல் பயணிக்க வேண்டும். 2002-இல் திறக்கப்பட்ட இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மைய மருத்துவமனை போன்ற இடங்களில் குவிந்திருக்கும் இதய, இரத்தநாள அறுவை வசதி சிறு ஊர் மருத்துவமனைகளில் இல்லை. மெடிக்கல் எய்ட் எனப்படும் மருத்துவக் காப்பீடு உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். இல்லாதவர் படுக்கை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அழுத்தம் அடக்கப்பட்டிருந்தால் அந்தப் பயணமும் காத்திருப்பும் தாங்கக்கூடியவை. பார்ம்லியின் 24 மணி நேரத்தைச் சட்டமாக வைத்திருந்த காலத்தில், தொலைவே பலருக்கு இல்லை என்ற பதிலாக இருந்திருக்கும்.

பழைய முறை அறுவையைச் சற்று அருகிருந்து பார்ப்பது நல்லது. புதிய முறை எதிலிருந்து விடுவித்தது என்பது அப்போதுதான் விளங்கும். நோயாளியை வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, இடது நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தி அதைச் சுருங்கவிட்டு, நான்காவது விலா இடைவெளி வழியே மார்பைத் திறக்கிறார்கள். இரத்தம் கட்டிக் கறுத்து வீங்கிய திசுவுக்குள் பெருந்தமனி மறைந்திருக்கும். கட்டியை முதலில் தொடக் கூடாது. தொட்டால் தாங்கி நிற்கும் உறை விட்டுவிடும். கட்டிக்கு மேலே, கழுத்துக்குச் செல்லும் கிளைக்கும் கைக்குச் செல்லும் கிளைக்கும் நடுவே விரல் நுழைத்து வளைவைச் சுற்றி நாடா கட்ட வேண்டும். அவ்விடத்தில் குரல்வளைக்குச் செல்லும் நரம்பு தமனியைச் சுற்றி ஓடுகிறது, அதை நசுக்கினால் குரல் போய்விடும். மேலும் கீழும் கவ்விகள் போட்டபின்தான் கட்டியைத் திறப்பது. கிழிந்த இரு முனைகளும் பெரும்பாலும் விலகிப் போயிருப்பதால், இடையே டாக்ரான் துணிக்குழாய் ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள்.

கவ்வி போட்ட கணத்திலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடுகிறது. ஏறத்தாழ 30 நிமிடத்தைத் தாண்டினால் இடுப்புக்குக் கீழ் செயலிழக்கும் அபாயம் விரைந்து ஏறுகிறது. இடது இதய அறையிலிருந்து இரத்தத்தை எடுத்துப் பம்பு வழியே கவ்விக்குக் கீழே செலுத்தும் ஏற்பாடு அந்த அபாயத்தைக் குறைத்தது, ஆனால் முழுதாக நீக்கவில்லை. அதோடு, ஒற்றை நுரையீரலில் மூச்சு, பெரிய கீறல், இரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஆகியவற்றை, அடிபட்ட மூளையும் நசுங்கிய நுரையீரலும் உள்ள ஒருவர்மேல் சுமத்த வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக வந்தது உறையிட்ட ஸ்டென்ட். 1987-இல் கார்கிவ் நகரில் நிகோலாய் வோலோதொஸ் முதன்முதலாக மார்புப் பெருந்தமனிக்குள் அத்தகைய ஒன்றை வைத்தார். அந்த நோயாளிக்கு இருந்ததும் அடிபட்டதால் உண்டான பொய்ப்பைதான். தொடைத் தமனியில் ஊசித்துளை அல்லது சிறு கீறல் வழியே கம்பியை ஏற்றி, அதன்மேல் மடித்துவைத்த ஸ்டென்ட்டைக் கிழிசலின் நேரே கொண்டுபோய் விரிக்கிறார்கள். துணியால் போர்த்திய உலோக வலை உள்ளிருந்து சுவரை அழுத்தி நிற்க, இரத்தம் அதன் வழியே ஓடுகிறது. கிழிசலின்மேல் இனி அழுத்தம் இல்லை. மார்பைத் திறக்க வேண்டாம், தமனியைக் கவ்வ வேண்டாம். மூளையில் கசிவு உள்ளவருக்கு ஹெபாரினைக் குறைத்தோ விட்டோகூடச் செய்யலாம்.

முறை மாறியதன் விளைவை வட அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 1997-இலும் 2008-இலும் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தால் காணலாம். இரண்டாவதற்குத் தலைமை தாங்கிய டெமெட்ரியோஸ் டெமெட்ரியாடெஸ், அமெரிக்கா செல்வதற்கு முன் ஜோகன்னஸ்பர்க்கின் பாரக்வனாத் மருத்துவமனையில் பணியாற்றியவர். முதல் ஆய்வில் சரிசெய்யப்பட்ட அனைவருக்கும் மார்பைத் திறந்தே செய்தார்கள். இரண்டாவதில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு ஸ்டென்ட். உயிர் பிரியும் நிலையில் வந்தவர்களை விட்டுக் கணக்கிட்டால் இறப்பு 22 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காடாயிற்று. சிகிச்சையால் நேரும் இடுப்புக்கீழ்ச் செயலிழப்பு 8.7-இலிருந்து 1.6 விழுக்காடாயிற்று. என் கண்ணை நிறுத்தியது மற்றோர் எண்: காயத்துக்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட சராசரி நேரம் 16.5 மணியிலிருந்து 54.6 மணியாக நீண்டிருந்தது. மும்மடங்குக்கு மேல் தாமதித்தார்கள், கூடுதலானவர்கள் பிழைத்தார்கள். ஸ்டென்ட் மட்டுமே இதற்குக் காரணம் என்று பலர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. அழுத்தத்தை அடக்கி, மற்றக் காயங்களை முதலில் பார்த்துவிட்டு வந்த பொறுமைக்கும் அதில் பங்கு உண்டு.

குறைகளும் உண்டு. அதே இரண்டாவது ஆய்வில் ஸ்டென்ட் வைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சாதனம் சார்ந்த சிக்கல் நேர்ந்தது. அந்த ஸ்டென்ட்கள் முதியவர்களின் வீங்கிய தமனிகளுக்காகச் செய்யப்பட்டவை. இளைஞரின் பெருந்தமனியோ குறுகியது, வளைவும் இறுக்கமானது. வளைவின் உட்பக்கத்தில் ஸ்டென்ட்டின் விளிம்பு சுவரோடு ஒட்டாமல் பறவையின் அலகுபோல நீட்டிக்கொண்டு நின்றால், அடியில் புகும் இரத்தம் அதையே மடக்கிவிடலாம். இரத்தம் இழந்து அதிர்ச்சியில் இருப்பவரின் தமனி சுருங்கியிருப்பதால், அப்போது எடுத்த அளவு பின்னர் சிறியதாகிவிடும் சிக்கலும் இருக்கிறது. இப்போது சிறிய அளவுகளும் வளைவுக்கு இசையும் வடிவங்களும் வந்துவிட்டன. ஆனால் இருபது வயதில் வைத்தது அறுபது வயதிலும் விரிந்த தமனிக்குள் பொருந்தி நிற்குமா என்பதற்குக் காலம்தான் சான்று தர வேண்டும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் தொடர்கிறது.

பெருந்தமனிக்கு அடுத்தபடியாக ஊமைக்காயத்தில் அடிபடுவது வளைவின் முதற்கிளை. வலக்கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் இரத்தம் கொண்டுசெல்வது. அது பிறக்கும் இடத்திலேயே கிழிவதால், நெஞ்செலும்பை நடுவே பிளந்து, ஏறும் பெருந்தமனியிலிருந்து கிளையின் நலமான பகுதிக்குப் புதுக்குழாய் ஒன்றைத் தைத்தபின்பே கிழிந்த அடிப்பகுதியை மூடுவது வழக்கம். காறையெலும்புக்குக் கீழுள்ள கைத் தமனி கிழிந்தால், உடன் செல்லும் நரம்புப் பின்னலும் அறுந்திருக்கக்கூடும். தமனியைச் சீராக்கியபின்னும் கை அசையாமல் போவது அதனால்தான்.

நம் சாட்ஸ்வொர்த்துக்காரருக்குத் தொடை எலும்பில் கம்பி வைத்தபின் மூன்றாம் நாள் ஸ்டென்ட் வைக்கிறார்கள். கிழிசலுக்கும் இடக்கைத் தமனியின் வாய்க்கும் இடையே 2 சென்டிமீட்டர் நலமான சுவர் இல்லாததால், பிடிமானத்துக்காக அந்த வாயையும் சேர்த்து மூடவேண்டி வருகிறது; பலருக்கு இப்படி நேர்கிறது. மற்றப் பாதைகள் வழியே கைக்கு இரத்தம் வந்துவிடுவதால் பெரும்பாலோருக்குக் கேடில்லை. பளு தூக்கும்போது கை சோர்ந்தாலோ தலை சுற்றினாலோ கழுத்துத் தமனியிலிருந்து ஒரு கிளை வழி அமைத்துக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கையில் அளக்கும் இரத்த அழுத்தம் இனி எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டால் ஸ்டென்ட்டின் விளிம்புதான் அடி வாங்கும். ஆகவே கிளினிக்கில் நர்ஸ் அழுத்தம் பார்க்கப் பட்டையை எடுத்து வரும்போதெல்லாம், நடந்ததைச் சொல்லி, அவர் வலக்கையை நீட்ட வேண்டும்.